கடைசி வீட்டின் பதில்

பேய் உண்டென்று எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று கணக்கெடுக்க ஜெபசெல்வி அந்தத் தெருவுக்கு வந்திருந்தாள். எல்லா வீட்டிலும் காபி கொடுத்து, "அதெல்லாம் இந்தக் காலத்துல யாரு நம்புதா?" என்று சிரித்தார்கள். கடைசி வீட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அங்க போவாதீங்க. ஒரே வாரத்துல பெத்த பிள்ளைய ரெண்டையும் முழுங்குனவ அவ."

ஜெபசெல்வி போனாள். கதவைத் திறந்த சொர்ணவடிவு, அவள் கேள்வியை வாசித்து முடிக்கும்வரை நிலையைப் பிடித்தபடி கேட்டாள்.

"எம் பிள்ளைகள காய்ச்சல் கொண்டுட்டுப் போச்சு. பேய்னு ஒண்ணு இருந்தா, ஒரு தடவையாவது வந்து அம்மான்னு கூப்பிட்டிருக்காதா? இல்லைன்னே எழுதிக்கோங்க."

பிறகு உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். பிள்ளைகள் போன பிறகு, இந்த நான்கு வருடங்களில் அந்த வாசலுக்கு வந்த முதல் ஆள் ஜெபசெல்விதான்.

"வேண்டாம்க்கா, இப்பதான் குடிச்சேன்."

சொர்ணவடிவு அவள் முகத்தையே பார்த்தாள். செம்பை உயர்த்தி அண்ணாந்து இரண்டு மடக்கு தானே குடித்துக் காட்டிவிட்டு, மறுபடியும் நீட்டினாள்.

ஜெபசெல்வி கையிலிருந்த படிவங்களால் தன் நான்கு மாத வயிற்றை மறைத்துக்கொண்டாள்.