இன்ஜின் நின்ற பிறகு

"வீட்டுச் சுவர் உரிஞ்சு கிடக்கு, அதுக்கு பெயின்ட் அடிக்க ஆளில்ல. கம்ப்யூட்டர்ல பறக்கிற போர் விமானத்துக்கு தினம் ஒரு பூச்சு," என்றார் மாமனார், தட்டுகளைத் துடைத்தபடி.

"வெயில்ல வெளுத்த சாம்பல் நிறம் மாமா. புதுசா தெரிஞ்சா பொருந்தாது." மருமகள் திரையில் விமானத்தின் வாலில் இருந்த எண்ணைச் சரிபார்த்தாள்.

"உன் புருஷனும் இப்படித்தான், கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டான். ஜாடிக்கேத்த மூடி."

"ஒரே ஒரு ஆட்டம். வந்துடறேன்."

"தோத்துட்டுத்தான் வருவ. சாப்பாடு ஆறுது."

அவர் போனதும், ஓடுபாதையை விட்டு எழுந்தவுடன் இன்ஜின் நின்றுபோகும்படி வழக்கம்போல அமைத்துவிட்டுப் புறப்பட்டாள். இன்ஜின் நின்றது. இதுவரை ஒவ்வொரு முறையும் ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்துத் தரையில் மோதியிருந்தாள். இன்று திரும்பவில்லை. விமானத்தின் மூக்கை மேலே தூக்கி, விமானியை இருக்கையோடு வெளியே தூக்கியெறியும் விசையை அழுத்தினாள். பாராசூட் விரிந்தது. திரையில் ஓர் ஆள் மெதுவாக இறங்கி, வயலில் கால் ஊன்றி நின்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணினியை அணைத்தாள்.

மேசையில் மாமனார் சாப்பிடாமல் காத்திருந்தார். பின்னால் சுவரில் மாட்டிய படத்தில், அதே வால் எண் கொண்ட விமானத்தின் அருகே சீருடையில் அவர் மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"விழுந்துடுச்சு மாமா."

"அதான் விபத்து விசாரணையிலயே சொன்னாங்களே, அந்த உயரத்துல யாராலயும் பிழைச்சிருக்க முடியாதுன்னு. என் புள்ள மட்டும் என்ன பண்ணியிருப்பான்," என்றார்.

பிறகுதான் சோற்றில் கை வைத்தார்.