முடிந்தது பெட்டி

சுவரிலிருந்து பிய்த்தெடுத்த மனைவியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தேன். இன்றாவது மகளிடம் சொல்லிவிட வேண்டும்.

வாயால் சொல்லிப் பயனில்லை. அவளுக்கு ஆட்டிசம். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. எங்கள் வீட்டில் எல்லாமே படம்தான்.

சுவரில் நீளமாக ஒரு பட்டை. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று மேலிருந்து கீழாக ஒட்டியிருக்கும். பல் தேய்க்கிற பிரஷ், வாளி, தட்டு, பள்ளி வேன், சாயங்காலத்துக்கு அம்மா படம். ஒவ்வொன்றும் முடிய முடிய மகள் அதைப் பிய்த்துக் கீழே இருக்கும் தகரப் பெட்டியில் போடுவாள். அந்தப் பெட்டிக்குப் பெயரே 'முடிந்தது' பெட்டி.

பட்டையில் இல்லாத ஒன்று நடந்துவிட்டால் வீடு இரண்டுபடும். முன்னறிவிப்பில்லாமல் ஒரு விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட முடியாது. மேனேஜரைக் கேட்காமல் இந்த வீட்டில் தும்மக்கூட முடியாது என்பாள் என் மனைவி. மகளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவாள்.

பட்டை, படம், பெட்டி எல்லாம் மனைவியின் ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அலுத்துப்போய் வந்தாலும் உட்கார்ந்து படம் வெட்டி ஒட்டுவாள். நான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் மாட்டிக்கொண்டாலும் ஓட வேண்டும். நான் வீடு திரும்பும்போது மேனேஜர் தூங்கியிருப்பாள்.

போன மாதம் வேலைக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. வழியில் ஒரு லாரி.

அன்றிலிருந்து பட்டை பாதியில் நின்றுவிட்டது. சாயங்காலமானால் மகள் வாசல் கதவருகே போய் நின்றுகொள்வாள். அம்மா படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் தட்டையும் படுக்கையையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊட்டினால் துப்பினாள். நின்றபடியே சரிந்து தூங்கும்போது தூக்கி வந்து படுக்கவைப்போம். கைகால் குச்சியாகிவிட்டது. துணைக்கு வந்து தங்கியிருக்கும் மனைவியின் தங்கையும் என்னென்னவோ செய்து ஓய்ந்துபோனாள்.

கடைசியில் பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் போய் நின்றேன்.

"ஊருக்குப் போயிருக்காங்க, தூங்கறாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. படத்தை அவ கண்ணு முன்னாடி பெட்டியில போடுங்க. முடிஞ்சதுன்னா என்னன்னு அவளுக்குத் தெரியும்."

தெரியும்தான். எனக்குத்தான் கை வரவில்லை. நாளை, நாளை என்று தள்ளிப்போட்டு இன்றைக்கு வந்து நிற்கிறேன்.

கதவருகே நின்ற மகளின் பக்கத்தில் மண்டியிட்டேன். படத்தைக் காட்டினேன். தோளில் பையோடு சிரித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"அம்மா முடிஞ்சுது, கண்ணு."

படத்தைப் பெட்டியில் போட்டேன். தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

மகள் பெட்டியைப் பார்த்தாள். குனிந்து, உள்ளே நன்றாகப் பார்த்தாள். பிறகு கதவை விட்டு நகர்ந்து வீட்டுக்குள் நடந்தாள்.

அலறவில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளவில்லை.

"புரிஞ்சிடுச்சு மாமா. குழந்தைக்குப் புரிஞ்சிடுச்சு" என்று மைத்துனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கச் சடங்கில்கூட எனக்கு அப்படி அழ வாய்க்கவில்லை. மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டது போலவும், அவள் போகச் சம்மதித்தது போலவும் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தட்டெடுத்து வைக்கச் சொன்னேன்.

மகளைத் தேடிப் போனேன். படுக்கையறையில் இல்லை. சமையலறையிலும் இல்லை.

குளியலறைக் கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய ஊதாத் துண்டு. மனைவியுடையது. கொடியிலேயே கிடந்தது, எடுத்து உள்ளே வைக்க எனக்கும் மைத்துனிக்கும் மனம் வரவில்லை. மகள் முன்னும் பின்னும் ஆடியபடி ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் வரும் முனகல் அது.

அந்தத் துண்டைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது.

பகலெல்லாம் நோயாளிகளைத் தொட்ட கை என்று, குளிக்காமல் பிள்ளையைத் தொட மாட்டாள் என் மனைவி. வீட்டுக்குள் நுழைந்ததும் தன் படத்தைத் தானே பிய்த்துப் பெட்டியில் போடுவாள். நேராகக் குளியலறைக்குப் போய்விடுவாள். மேனேஜர் துண்டோடு காவல் இருப்பாள். இதெல்லாம் மனைவி சொல்லிக் கேட்டதுதான். அந்த நேரத்தில் நான் என்றைக்கு வீட்டில் இருந்திருக்கிறேன்?

அம்மா வீட்டுக்கு வந்தாகிவிட்டது. மண்டியிட்டு மகளிடம் நான் சொன்னது அதைத்தான்.

உள்ளே விளக்கு எரியவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் இல்லை. மகள் எழுந்து கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளங்கையால் மெல்லத் தட்டினாள். மறுபடியும் கேட்டாள்.

பிறகு என் கையைப் பிடித்தாள். தனக்கு வேண்டியதை அடுத்தவர் கையைப் பிடித்துத்தான் செய்துகொள்வாள், பிஸ்கட் டப்பாவைத் திறப்பதானாலும். என் விரல்களைக் கொண்டுபோய்க் கதவின் கைப்பிடிமேல் வைத்தாள்.

வைத்துவிட்டு, துண்டை இரண்டு கைகளாலும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.