எரியாத பிரேக் லைட்

“எரியுதா சார்?”

“எரியலப்பா.”

“இப்ப?”

“எங்க எரியுது? நல்லா மிதிக்கிறியா, இல்ல பெடல் மேல சும்மா காலை வச்சிருக்கியா?”

காருக்குப் பின்னால் நின்று சுயம்புலிங்கம் சார் போட்ட சத்தத்தில், ராஜபாளையம் மெயின் ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். மெஷின் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய குரல், வீட்டுக்கு வந்த பிறகும் குறையவில்லை. அவருடைய வெள்ளைக் காருக்கும் வயதாகிவிட்டது. இரண்டு பேருமே அதை ஒப்புக்கொள்வதில்லை.

எலக்ட்ரீஷியன் சிவபாண்டி டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். பின் லைட்டைக் கழற்றிப் புது பல்பு மாட்டினார். மறுபடி போய் மிதித்தார்.

“எரியல.”

ஃபியூஸைப் பார்த்தார். பெடலுக்கு மேலே இருக்கிற சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினார். டெஸ்டரை வைத்தால் கரண்ட் ஜோராக வந்தது.

“இப்ப எரியணுமே சார்?”

“எரியலங்கேன், திரும்பத் திரும்பக் கேக்க! சட்டுபுட்டுன்னு பாருப்பா. நாளைக்குக் காலையில ஸ்ரீவில்லிபுத்தூர் போயாகணும். மக பிரசவமாகி ஆஸ்பத்திரியில இருக்கா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாக. பேரனை என் வண்டியிலதான் கூட்டிட்டு வருவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

சிவபாண்டி டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகினார்.

“நீங்க உள்ள உக்காந்து மிதிங்க சார். நான் பின்னாடி நின்னு பாக்கேன்.”

சார் ஏறி உட்கார்ந்து மிதித்தார்.

ஸ்கூட்டி ஹாரனைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருந்த பாண்டிசெல்வி, அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். எதிரே காரின் இரண்டு பிரேக் லைட்டும் பளிச்சென்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

“எரியல சார்” என்றார் சிவபாண்டி. “உள்ளுக்குள்ள வயரிங் போயிருக்கு. வண்டியை விட்டுட்டுப் போங்க. நாலஞ்சு நாள் ஆகும்.”

பாண்டிசெல்விக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. காய்கறிக் கடையில் எடை குறைந்தாலும் சரி, பஸ்ஸில் எவனாவது வரிசையில் புகுந்தாலும் சரி, நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். மகளுக்குப் போன் போட சார் வேப்பமரத்தடிக்கு ஒதுங்கியதும், எழுந்து வந்துவிட்டாள்.

“ஏண்ணே, உங்களுக்கே நல்லாயிருக்கா? பச்சப்பிள்ளையக் கூட்டிட்டு வரணும்னு ஆசையா இருக்காரு மனுசன். லைட்டு அம்புட்டு நல்லா எரியுது, எரியலங்கீக! மொத்த வயரிங்கையும் அவர் தலையில கட்டப் பாக்கீகளா?”

“மெதுவாப் பேசும்மா.”

“நான் எதுக்கு மெதுவாப் பேசணும்? இப்பவே அவர்கிட்ட சொல்லப் போறேன்.”

“தாராளமாச் சொல்லு. அதுக்கு முன்னால அவிய சொல்றதைச் செத்த நேரம் கேளு. பொறவு உன் இஷ்டம்.”

போனைச் சட்டைப் பையில் போட்டபடி சார் திரும்பி வந்தார். சிவபாண்டி குரலை உயர்த்தினார்.

“சார், வந்ததும் என்கிட்ட ஒண்ணு சொன்னீகளே, ரோட்டைப் பத்தி. அதை இந்தப் பிள்ளகிட்டயும் சொல்லுங்க.”

“அதை ஏம்மா கேக்க!” சாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நேத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாரேன். முன்னாடி போன ஒரு வண்டிக்காவது பிரேக் லைட் எரியணுமே! பஸ்ஸுக்கு எரியல, லாரிக்கு எரியல, மாலை கூட வாடாத புதுக் காருக்கும் எரியல. ஒரு மினி பஸ்ஸு நிக்கிறதே தெரியல, மயிரிழையில தப்பிச்சேன். அப்பத்தான் நம்ம வண்டி லைட்டு எப்படியிருக்கோன்னு சந்தேகம் வந்துச்சு. பாத்தா இதுவும் எரியல. ஊரு பூராவும் கெட்டுக் கிடக்கும்மா!”

சொல்லிவிட்டு, இன்னொரு தரம் தானே சோதித்துப் பார்க்கக் கார் கதவைத் திறந்தார். பாண்டிசெல்விக்குத் திறந்த வாய் மூடவில்லை.

சிவபாண்டி அவள் பக்கம் குனிந்தார்.

“செவப்பு வெளிச்சம்தான் சார் கண்ணுக்குப் பிடிபடல. கண்ணைக் காட்டுங்க மாமான்னு மருமகன் ஒரு வார்த்தை சொன்னாரு. ‘ஓடுற மெஷின்ல நூல் அறுந்தா எட்ட நின்னே கண்டுபிடிச்சவன்டா நான்’னு சண்டை போட்டு, இன்னைக்கு வரைக்கும் அவர்கூடப் பேச்சு இல்ல. வண்டி கெட்டுப்போச்சுன்னா நம்புவாரு. கண்ணு கெட்டுப்போச்சுன்னா நம்ப மாட்டாரு. மருமகனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கிடுதேன். பிள்ளைய அவர் கார்ல கூட்டிட்டு வரட்டும். வந்த கையோட மகளை விட்டுப் பேசச் சொல்லி, சாரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இந்த வண்டி இங்கன நிக்கணும்மா.”

அதற்குள் சார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“ஏம்மா, இவன் பேச்சை மட்டும் நம்பி வண்டியை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்ல. உன்னைப் பாத்தா நேர்மையான பிள்ளையாத் தெரியுது. நான் மிதிக்கேன். நீ பாத்து உள்ளதைச் சொல்லு, எரியுதா?”

இரண்டு லைட்டும் ஜெகஜோதியாக எரிந்தன.

“எங்க சார் எரியுது?” நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள் பாண்டிசெல்வி. “சுத்தமா எரியல! சாவியக் குடுத்துட்டு வாங்க, நானே உங்களை வீட்டுல கொண்டுபோய் விடுதேன்!”