துருப்பிடிக்க வைக்கும் கை

பென்னலூர் தகரக் கொட்டகைக்குள் வெயில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. வெள்ளைக்காரர்கள் பழைய போர்களை நடித்துப் பார்ப்பதற்காகக் கேட்ட புதுத் துப்பாக்கிகள் மேசையில் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை இருநூறு வருஷத்துப் பழசாகக் காட்டுவதுதான் எங்கள் வேலை. கூட வேலை பார்க்கும் எபினேசர் அண்ணன் குழலில் உப்பும் வினிகரும் தடவுகிறார். எனக்கு அதுகூடத் தேவையில்லை. என் கை வியர்வை பட்டாலே இரும்பு மறுநாள் துருப்பிடித்துவிடும். பேரிங் கம்பெனியிலிருந்து என்னைத் துரத்தியது அதற்காகத்தான். ஊரில் அம்மா நான் இன்னும் அங்கேயே இருப்பதாக நினைக்கிறாள். நாளை இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் பளபளக்கும் இரும்புதான். நேற்று வியர்வை நிற்கும் என்று படிகாரத் தண்ணீரில் கை கழுவி, மெருகிட்ட தகடு ஒன்றைப் பிடித்துப் பார்த்துத் துணியில் சுற்றிவைத்தேன். இப்போது பிரிக்கிறேன். ஐந்து விரலும் செம்பழுப்பாகப் பதிந்திருக்கின்றன.

"இன்னாடா, கைய கயுவுனியா இல்லியா?"

"தோலு உரியுத வரைக்கும் கழுவுனேண்ணே."

"பயந்துகினே புட்ச்சிருப்ப. அதான் வேர்த்துகீது."

"பயப்படாம எப்படிண்ணே பிடிக்கது?"

அண்ணன் அடுத்த துப்பாக்கியை என் பக்கம் தள்ளுகிறார். குழல் கண்ணாடிபோல் மின்னுகிறது. நான் கையைத் துடைக்காமலே அதைப் பிடிக்கிறேன்.