எதிர்க்கட்சி

"மாஸ்டர், பெட்டி கட்டிருவாங்கன்னு நிச்சயமா போட்டிருக்கா? இன்னொரு தடவை படிங்களேன்."

புதிதாகச் சேர்ந்தவள் இப்படிக் கேட்டதும் கட்டிங் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரை மடக்கி மேஜையில் ஒரு அடி அடித்தார்.

"இன்னிக்கு மேட்ச்சுல தோத்தா நம்ம டீம் நாளைக்கே ஊர் திரும்ப வேண்டியதுதானாம். எழுதினவன் கைய முறிக்கணும். அதைப் போய் ஆசை ஆசையா கேக்குறியே!"

அந்தத் தையல் யூனிட்டில் கிரிக்கெட் பைத்தியம் இல்லாதவர்கள் கிடையாது. பேட்டிங் சொத்தை, பௌலிங் ஓட்டை, கேப்டனுக்கு வயசாகிவிட்டது என்று பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் அணியை வறுத்தெடுக்க, எல்லோருக்கும் வயிறு எரிந்தது. போன மாதம் சேர்ந்த, சட்டைக்குக் காஜா எடுக்கும் இவளைத் தவிர. எந்தச் சேனலில் அதிகமாகத் திட்டுகிறார்களோ அதைத்தான் வைக்கச் சொல்வாள். மாஸ்டர் அவளுக்கு 'எதிர்க்கட்சி' என்றே பெயர் சூட்டிவிட்டார்.

"நம்ம டீம் மேல உனக்கு அப்படி என்னம்மா கோபம்?"

"கோபமெல்லாம் இல்ல மாஸ்டர். மூணு மாசமா ஊர் ஊரா அலையறாங்க. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைங்க முகத்தைப் பாக்கட்டுமேன்னுதான்."

"அடேங்கப்பா, பெத்த தாய்கூட இவ்வளவு கவலைப்பட மாட்டா!"

காலர் தைக்கும் அக்கா மாஸ்டரின் காதைக் கடித்தாள். "இவ வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காராம். ஒருவேளை எதிர் டீம்காரங்க நாட்டுலயோ என்னமோ!"

சாயங்காலம் ஆட்டம் இழுபறியானது. நூல்கண்டுப் பெட்டிமேல் செல்போனைச் சாய்த்து வைத்து மொத்த யூனிட்டும் மூச்சைப் பிடித்தபடி நின்றது. ஆட்டத்தைக் காட்டும்போது அவள் தலை நிமிரவில்லை. வீரர்கள் உட்காரும் இடத்தைக் காட்டினால் மட்டும் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். ஏக்கமாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மிஷினுக்கே போய்விட்டாள்.

நம் ஆள் ஒருவன் அவுட்டானான். "அப்பாடா!" என்றது ஒரு குரல். யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கவில்லை.

"தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும். ஆட்டம் முடியற வரைக்கும் வெளியில போய் நில்லு!" கையெடுத்துக் கும்பிட்டார் மாஸ்டர்.

அவள் படிக்கட்டுப் பக்கம் போனாள். அடுத்த பந்தே சிக்ஸர். அடுத்த ஓவரில் வெற்றி. நம்மவர்கள் அரையிறுதிக்குள் நுழைந்துவிட்டார்கள்!

மாஸ்டர் வெட்டுத்துணிகளை அள்ளித் தலைக்கு மேல் வீசினார். "பாத்தீங்களா? அவளை வெளிய அனுப்பினதும் ஜெயிச்சோம்! பேப்பர்காரனெல்லாம் இப்ப மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவான்?"

எதிர்க்கட்சியையும் நாலு வார்த்தை கிண்டலடித்தால்தான் அவருக்கு மனசு ஆறும். படிக்கட்டுக்கு ஓடினார்.

அவள் மேல்படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கதவோரமே நின்றுவிட்டார்.

"அழாதடா கண்ணு. அம்மா என்ன பண்ணட்டும்? தோத்திருந்தா அப்பா நாளைக்கே வீட்டுக்கு வந்திருப்பாரு. ஜெயிச்சிட்டாங்களே... அவங்க ஆடி முடிக்கிற வரைக்கும் அப்பாதானே கூடவே இருந்து அவங்க துணியெல்லாம் துவைச்சுக் கொடுக்கணும்?"