ஒட்டுக் கள்ளி

ஞானசிகாமணி மகரந்தம் மாற்றி விதையிலிருந்து வளர்த்ததில் அந்தச் சிவப்புக் கள்ளி ஒன்றுதான் மிஞ்சியது. அதில் பச்சையம் இல்லை. இன்னொரு கள்ளியின் மேல் ஒட்டினால்தான் உயிர் வாழும். இப்போது அதைத் தாங்கிய அடிக்கள்ளி அழுகத் தொடங்கியிருந்தது. பக்கவாதம் அவருடைய பேச்சையும் கையின் உறுதியையும் கொண்டுபோயிருந்ததால், கத்தியை மனைவி எஸ்தர் பிடித்தாள்.

“இத்தனை வருஷம் தொட விட்டீங்களா? இப்ப மட்டும் நான் வேணும்.”

சிவப்பையும் தொட்டியிலிருந்த புதிய அடிக்கள்ளியையும் ஒவ்வொரு இழுப்பில் அறுத்தாள். அறுத்த பக்கங்களில் வெளிறிய வளையங்கள் தெரிந்தன. அடியில் பெரியது, சிவப்பில் சிறியது. இரண்டு வளையங்களும் எங்காவது தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும்; நடுவில் வைத்தால் தொடாது. அது அவருக்குத் தெரியும், சொல்ல முடியாது. எஸ்தர் சிவப்பைச் சரியாக நடுவில் வைத்தாள். அவர் நடுங்கும் விரலால் ஓரமாகத் தள்ளினார்.

“கை ஆடுதுல்ல, சும்மா இருங்க,” என்று அவள் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவர் மறுபடியும் தள்ளினார்.

“கோணலா இருக்குங்க. விரலை எடுங்க.”

அவர் எடுக்கவில்லை. அறுத்த பக்கம் காய்ந்துகொண்டிருந்தது. ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்தபடி அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிவப்பை ஓரத்திலேயே விட்டு, அவர் விரலையும் சேர்த்துத் தொட்டியோடு மாட்டினாள்.

கட்டுக்குள் விரல் நடுங்கவில்லை.