இரும்புக் கை

மேல் ஸ்குருவைத் தனபாலன் விரலால் தொட்டுத்தான் பார்த்தான். அதன் தலை கையோடு வந்துவிட்டது.

உள்ளே இரும்பே இல்லை. தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டியது.

அடுத்த ஸ்குரு தானாகவே முறிந்தது. சுவரில் மாட்டியிருந்த இரும்புக் கை ஒரு விரல்கடை முன்னால் சாய்ந்தது. அதன் மேல் இருபத்தொரு அங்குல டிவி. முக்காலியில் நின்றபடியே இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்து, தோளையும் முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

கீழே தொட்டிலில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தொட்டில் உத்தரத்தில் தொங்கவில்லை. டிவியைத் தாங்குகிற அதே இரும்புக் கையில்தான் ஸ்பிரிங்கை மாட்டி, சாரோங் துணியைக் கட்டியிருந்தாள் பிள்ளையின் தாய் மோகனா.

தஞ்சோங் கிளிங்கில் கடலோர வீடொன்றில் அவன் மாட்டியிருந்த டிவி போன வாரம் விழுந்தது. நல்லவேளை, கீழே காலி நாற்காலி. உப்புக்காற்று ஸ்குருவைத் தின்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. டவுன் வீட்டுக்கும் கடலோர வீட்டுக்கும் ஒரே சாதாரண ஸ்குருவைத்தான் போட்டு வந்திருந்தான். யாரும் கம்ப்ளைன் பண்ணலையே என்று முதலாளி கையைக் கழுவிவிட்டார். லீவு நாளில், மாட்டிய வீடுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பாயா ரும்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். கடலோரக் கிளேபாங்கில் இதுதான் முதல் வீடு.

மோகனா வாசலிலேயே கெஞ்சினாள். "தொட்டில மட்டும் தொட்டுறாதீங்க அண்ணே. ரெண்டு நாளா தூங்கல, இப்பதான் கண்ண மூடுனான்." சொல்லிவிட்டு, அவனுக்குக் கோப்பி கலக்கப் பால் டின் வாங்கக் கடைக்கு ஓடினாள்.

தொடாமல் பார்த்துவிடலாம் என்றுதான் அவனும் ஏறினான்.

வீட்டில் அவள் மாமனார் தம்புசாமி மட்டும் இருந்தார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர். எதிரே சாய்வு நாற்காலியில், ரிமோட்டும் கையுமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நகருலா. கதாநாயகி மூஞ்சியே தெரியல."

"ஐயா, டிவி விழுது! எந்திரிச்சு புள்ளையத் தூக்குங்க!"

"எந்திரிக்க முடிஞ்சா நான் ஏன்டா பட்டப்பகல்ல டிவி பாக்குறேன்?"

சொன்ன பிறகுதான் சுவரிலிருந்து சாந்து உதிர்வதைப் பார்த்தார்.

அவரால் ஆகக்கூடியது ஒன்றுதான் இருந்தது. டிவியை அணைத்தார்.

படத்தின் சத்தம் நின்றதும் கடல் இரைச்சல் வீட்டுக்குள் வந்தது. "மோகனா!" என்று இருவரும் கத்தினார்கள். மோகனா வரவில்லை. பிள்ளைதான் விழித்தது.

அழவில்லை. தலைக்கு மேல் ஒரு ஆளைப் பார்த்ததும் அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை உதைத்தது. ஸ்பிரிங் குதித்தது. ஒவ்வொரு உதைக்கும் இரும்பு சுவரை விட்டு இன்னும் கொஞ்சம் விலகியது. அந்தச் சின்ன உடம்பின் கனம் தனபாலனின் தோளெலும்பில் வந்து வந்து இடித்தது.

தம்புசாமி தன்னைத்தானே உருட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து விழுந்தார். நல்ல கையை ஊன்றி ஊர்ந்தார். தொட்டிலுக்கு அடியில் மல்லாந்து, அந்த ஒரு உள்ளங்கையால் பிள்ளையைக் கீழிருந்து ஏந்தினார்.

கனம் கொஞ்சம் குறைந்தது. இப்போது டிவிக்கு நேர்கீழே இரண்டு பேர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோது தனபாலனின் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

பால் டின் உருண்டது. மோகனா பிள்ளையை அள்ளினாள். மாமனாரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் கையை விட்டான்.

கண்ணாடி சிதறி அடங்கியது. திட்டட்டும் என்று தலைகுனிந்து நின்றான். அவள் திட்டவில்லை.

"நீங்கதானே அண்ணே, அன்னிக்கு..." என்றாள். கீழே கிடந்த தொட்டிலைப் பார்த்தாள்.

போன வருடம் டிவி மாட்டிய அன்று, நிறைமாத வயிற்றோடு நின்று அவள் கேட்டிருந்தாள், தாங்குமா என்று. அவன் சிரித்துக்கொண்டே அந்த இரும்பை இரண்டு கைகளாலும் பற்றி, காலை மடக்கி அந்தரத்தில் தொங்கிக் காட்டினான். என்னையே தாங்குது, இதுக்கு மேல என்ன தங்கச்சி வேணும் என்றான்.

எல்லா வீட்டிலும் அவன் அப்படித்தான் தொங்கிக் காட்டுவான்.

சட்டைப்பையில் வியர்வையில் ஊறிய தாளில் இன்னும் நாற்பது வீடுகள் இருந்தன.